சிற்றுருப் போர்க்களங்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

போரைப் பாடும் மரபு நமக்குத் தொன்மையானது. போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் மரபோ ஐரோப்பாவில் உருப்பெற்றது. எனினும் அதன் தொலைவேர் இந்திய மண்ணில் உள்ளது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களுக்குள் நிறுத்திய சதுரங்கம், பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பார் அதனைக் குன்றும் ஆறும் கொண்ட போர்விளையாட்டாக விரித்தார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் படையலுவலர், தம் தந்தையார் தொடங்கிய பணியைத் தொடர்ந்து, அதனை நிலப்படத்தின்மேல் அமைத்தார்; பகடையால் இழப்பைக் கணக்கிட்டார்; நடுவரையும் அமர்த்தினார். பிரஷ்யப் படை அதனைப் பயிற்சியாக மேற்கொண்டது.

படைவீட்டிலிருந்த இவ்விளையாட்டை இல்லத்திற்குக் கொணர்ந்தவருள் தலையாயவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1913இல் வெளிவந்த 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில், பொம்மை வீரர்களையும் சுருள்வில் பீரங்கிகளையும் கொண்டு ஆடும் விதிகளை அவர் வகுத்தார். சிறுபோரை ஆடிப் பார்த்தவன் பெரும்போரின் மடமையை உணர்வான் என்பது அவர்தம் நம்பிக்கை. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

அதன்பின் நெடுங்காலம் இக்கலையின் ஆர்வலர் ஒருவரையொருவர் அறியாது சிதறிக் கிடந்தனர். அவர்களை இணைத்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் ஸ்க்ரூபி. அச்செழுத்து வார்க்கும் உலோகக் கலவையிலேயே அவர் மலிவான வீரர் உருக்களை வார்த்தார். 1956இல் அவர் கூட்டிய மாநாட்டிற்கு வந்தோர் 14 பேர். 1957 முதல் 1962 வரை அவர் நடத்திய 'வார் கேம் டைஜஸ்ட்' இதழுக்குச் சந்தாதாரர் 200 பேர்கூட இல்லை. பிரிட்டனில் அவரோடு துணைநின்றவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றியவர். 1962இல் வெளிவந்த அவரது 'வார் கேம்ஸ்' புதியோர் பலரை ஈர்த்தது.

அச்சிறு வட்டத்தின் வழிவந்தவையே பின்னாளைய பெருங்கூடல்கள். தென் லண்டன் சங்கமொன்று 1972இல் தொடங்கிய 'சல்யூட்', அமெரிக்காவின் 'ஹிஸ்டாரிகான்' ஆகியவற்றிற்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். வாட்டர்லூவும் கெட்டிஸ்பர்க்கும் மேசைகளில் மீண்டும் நிகழ்கின்றன. ஒரு படைப்பிரிவின் சட்டைக் கைம்மடிப்பு எந்நிறம் என்பதற்காக ஏடுகளைத் துருவுவோர் அங்கு உண்டு. விதிநூல்களும் உருக்களும் விற்கும் கடைகளுக்கிடையே, முன்பின் அறியாதவரும் அழைக்கப்பட்டு ஆட்டத்தில் அமர்த்தப்படுகின்றனர்.

இறப்பை விளையாட்டாக்குவது தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. மேசையில் வீழ்ந்த வீரன் பெட்டிக்குள் திரும்புகிறான். அவனுக்காக அழுவார் இல்லை. நம் புறப்பாடல்களோ வென்றோனைப் புகழ்ந்ததோடு நில்லாமல், கையறுநிலையையும் கைம்மையையும் பாடின. ஒரு தளபதி ஏன் அவ்வாறு முடிவெடுத்தான், எங்கே தற்செயல் குறுக்கிட்டது என்பவற்றை மேசை கற்பிக்கும். அம்முடிவின் விலையை அது கற்பிக்காது. அது கவிஞரின் கடன்.

ஆயினும் அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கலை தழைக்கத் தொடக்கத்தில் பெருங்கூட்டம் வேண்டுவதில்லை. கூடிப் பேச 14 பேரும், விடாது வெளிவரும் ஒரு சிற்றிதழும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.