பெயர்ப்பலகையை அடிக்கடி மாற்றிய கடை

கடையை இடம் மாற்றினால் பழைய ஷட்டரில் ஒரு அட்டை தொங்கும். "எங்கள் கடை பஸ் ஸ்டாண்ட் எதிரில் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்து அந்த அட்டை கிழிவதற்குள் வாடிக்கையாளர்கள் புது இடத்துக்குப் பழகிவிடுவார்கள்.

இணையக் கடைகளுக்கும் இந்த அட்டை உண்டு. அதற்கு 301 என்று பெயர். பழைய முகவரிக்கு யாராவது வந்தால், அங்கே இருக்கும் சர்வர் "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இனி அங்கே போ" என்று 301 என்ற எண்ணோடு புது முகவரியைக் கொடுக்கும். பிரவுசர் அடுத்த நொடியே அங்கே தாவிவிடும், வந்தவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கூகுள் போன்ற தேடுபொறிகளும் இதைப் படித்து, பழைய பக்கத்துக்கு இருந்த மதிப்பைப் புதிய பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். குறைந்தது ஒரு வருடமாவது இந்த அட்டையைக் கழற்றாதீர்கள் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை.

இவ்வளவு சுலபமா என்றால், இயந்திரத்துக்குச் சுலபம்தான். மனிதர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. இதைப் பெரும் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்ட நிறுவனம் அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக். அதுவும் ஒரு முறை அல்ல.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் தொடங்கிய இணையக் கடை அது. ஆரம்பித்தவர் பாட்ரிக் பைர்ன். மற்ற நிறுவனங்களில் விற்காமல் தேங்கிய சரக்கை மொத்தமாக வாங்கி, மலிவாக விற்பதுதான் தொழில். பெயரும் அதையே சொன்னது, ஓவர்ஸ்டாக் என்றால் மிஞ்சிய சரக்கு. டாட்காம் குமிழி உடைந்து வரிசையாக இணைய நிறுவனங்கள் மூடப்பட்ட காலத்தில், அப்படிச் செத்துப்போன நிறுவனங்களின் சரக்கே இவர்களுக்கு நல்ல வரத்தாக இருந்தது. ஊர் நஷ்டத்தில் ஒருவருக்கு லாபம். 2002-ல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டார்கள்.

பத்து வருடம் போனது. கடை வளர்ந்தது. மிஞ்சிய சரக்கை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய கடையை நடத்த முடியாது, எனவே புத்தம்புதுச் சரக்கும் வந்தது. இப்போது பெயர் இடித்தது. புது சோபா வாங்க வருபவர், "மிஞ்சிய சரக்கு" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து என்ன நினைப்பார்? வெளிநாட்டுக்காரர்களுக்கோ அந்தச் சொல்லே புரியாது. பெயரைச் சுருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விளம்பரங்களில் ஏற்கெனவே "ஓ" என்ற ஒற்றை எழுத்தை வைத்து வருடக்கணக்காகப் பேசி வந்தார்கள். அதையே முகவரியாக்கினால் என்ன?

ஓ.காம் கிடைக்காது. ஒற்றை எழுத்து டாட்காம் முகவரிகளை, இணைய முகவரிகளை அப்போது நிர்வகித்து வந்த ஜான் போஸ்டல் 1993-லேயே ஒதுக்கி வைத்துவிட்டார். அதற்கு முன்பே பதிவான க்யூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்றும்தான் தப்பித்தன. (அந்த எக்ஸ்.காம்தான் 1999-ல் ஈலான் மஸ்கின் இணைய வங்கியாக இருந்து, பிறகு ட்விட்டரின் புது வீடாக ஆனது. அது தனிக்கதை.)

இந்த நேரத்தில்தான் கொலம்பியா நாடு ஒரு கதவைத் திறந்தது. இந்தியாவுக்கு டாட் இன் போல, கொலம்பியாவுக்கு உரிய நாட்டுக் குறி டாட் கோ. பார்ப்பதற்கு டாட்காமில் கடைசி எழுத்து மட்டும் விட்டுப்போனது மாதிரி இருக்கும். 2010 ஜூலையில் யார் வேண்டுமானாலும் இதில் முகவரி வாங்கலாம் என்று ஆனபோது, ஓவர்ஸ்டாக் ஓ.கோ என்ற முகவரியை 3.5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மொத்தமே மூன்று எழுத்து. அதைவிடச் சின்ன முகவரி யாருக்குக் கிடைக்கும்?

2011-ல் மாற்றம் வேகம் பிடித்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஓ.கோ, லோகோவில் ஓ.கோ. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் இருந்த பெரிய விளையாட்டரங்கத்துக்குத் தங்கள் பெயரை வைக்க ஆறு வருடத்துக்கு 72 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஏப்ரலில் ஓவர்ஸ்டாக்.காம் கொலீசியம் என்று பெயர் வைத்த அரங்கத்தை, இரண்டே மாதத்தில் ஓ.கோ கொலீசியம் என்று மறுபடி மாற்றினார்கள்.

அதே வருடத் தொடக்கத்தில் இன்னொரு அடியும் விழுந்திருந்தது. கல்லூரித் தளங்கள் தங்கள் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி என்று ஓவர்ஸ்டாக் ஒரு திட்டம் வைத்திருந்தது. கல்லூரித் தளத்திலிருந்து வரும் இணைப்புக்குத் தேடுபொறி கூடுதல் மரியாதை தரும் என்பது கணக்கு. இது முறையல்ல என்று கூகுள் 2011 பிப்ரவரியில் அவர்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளியது. இரண்டு மாதம் கழித்துத்தான் தண்டனை நீங்கியது. தேடலில் இருந்து வரும் கூட்டம் குறைந்த வருடத்தில், முகவரியைத் தாங்களாகவே தட்டச்சு செய்து வரும் பழைய வாடிக்கையாளர்தான் சோறு போடுபவர். அந்த வருடம் பார்த்தா அவர்களைக் குழப்புவது?

குழம்பித்தான் போனார்கள். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் கணினியில் உட்கார்ந்து ஓ.கோ என்று அடிக்கவில்லை, ஓ.காம் என்று அடித்தார்கள். வருடக்கணக்காக டாட்காம் அடித்துப் பழகிய விரல்கள் தாமாகவே அந்தக் கடைசி எழுத்தையும் சேர்த்துவிட்டன. ஓ.காமில் யாரும் இல்லை. 301 அட்டை மாட்டவும் வழியில்லை. நம்முடைய பழைய கடை வாசலில்தான் நாம் அட்டை மாட்ட முடியும், என்றைக்குமே நம்முடையதாக இல்லாத இடத்தில் எப்படி மாட்டுவது?

2011 நவம்பரில் நிறுவனத்தின் பிரசிடெண்ட் ஜோனதன் ஜான்சன் பின்வாங்கலை வெளிப்படையாகவே சொன்னார். மக்கள் ஓ.காமுக்குப் போய்விடுகிறார்கள், எனவே அமெரிக்காவில் மறுபடியும் ஓவர்ஸ்டாக்.காம்தான் முதன்மைப் பெயர் என்று. தப்பை மூடி மறைக்காமல் ஒரே வருடத்தில் திரும்பியது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஓக்லண்ட் அரங்கத்தின் பெயரை உடனே மாற்ற முடியவில்லை. கடையே கைவிட்ட பெயரை அந்தக் கட்டடம் 2016 வரை சுமந்துகொண்டிருந்தது.

ஜோனதன் ஜான்சன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

2019-ல் பைர்ன் ஒரு அரசியல் சர்ச்சைக்குப் பிறகு விலக, தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் இதே ஜான்சன். கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்ட அமெரிக்கர்கள் மேசை, நாற்காலி என்று வாங்கித் தள்ள, 2021-ல் விற்பனை 276 கோடி டாலரைத் தொட்டது. கதவுகள் திறந்ததும் 2022-ல் 193 கோடியாக இறங்கியது. இதற்குள் மற்ற சரக்குகளை விட்டுவிட்டு, அறைகலன்களும் வீட்டுச் சாமான்களும் மட்டும் விற்கும் கடையாக மாறியிருந்தார்கள். பெயர் மட்டும் அதே "மிஞ்சிய சரக்கு". பழைய வியாதி திரும்பியது.

அப்போது சந்தைக்கு ஒரு பெயர் வந்தது. பெட் பாத் அண்ட் பியாண்ட் 1971-ல் நியூஜெர்சியில் தொடங்கிய கடைச் சங்கிலி. படுக்கை விரிப்பு, குளியலறைத் துண்டு, சமையலறைச் சாமான் என்றால் அமெரிக்கக் குடும்பங்கள் அங்கேதான் போகும். வீட்டுக்கு வீடு அனுப்பிய நீல நிற 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அவ்வளவு பிரபலம். அந்த நிறுவனம் 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ஏலத்தில் அதன் பெயர், இணைய முகவரி, வாடிக்கையாளர் விவரங்கள் ஆகியவற்றை ஓவர்ஸ்டாக் 2.15 கோடி டாலருக்கு எடுத்தது. கடைகள் வேண்டாம், சரக்கும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று. (பெயரை விற்றுவிட்ட பழைய நிறுவனம் சட்டப்படி வேறு பெயர் வைத்தாக வேண்டும். அதற்குக் கிடைத்த பெயர் 20230930-டிகே-பட்டர்ஃப்ளை-1. ஐம்பது வருடக் கடைக்கு ஒரு எண்!)

2023 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் ஓவர்ஸ்டாக்.காம் மறைந்தது. அங்கே போனவர்கள் பெட்பாத்அண்ட்பியாண்ட்.காமில் போய் விழுந்தார்கள். இந்த முறை முகவரி பிரச்சினை இல்லை. அசல் டாட்காம், ஊரறிந்த பெயர், தொழில்நுட்ப அளவில் சுத்தமான இடமாற்றம். நவம்பரில் நிறுவனத்தின் பெயரையும் பியாண்ட் என்று மாற்றி, நாஸ்டாக்கில் இருந்து நியூயார்க் பங்குச்சந்தைக்கும் போய்விட்டார்கள்.

ஆனால் உள்ளே நுழைந்தவர்களின் நிலையை யோசிக்க வேண்டும். மலிவான சோபாவுக்காக ஓவர்ஸ்டாக்கைத் தேடி வந்தவர் துண்டுக் கடையின் பலகையைப் பார்த்து, வேறெங்கோ வந்துவிட்டோம் என்று திரும்புகிறார். துண்டு வாங்க வந்தவர் உள்ளே அடுக்கியிருக்கும் சோபாக்களைப் பார்த்து, இது நம்ம பழைய கடை இல்லையே என்கிறார். இரண்டு கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அது நினைத்தபடி கைகூடவில்லை. 2023-ன் விற்பனை 156 கோடி டாலர், 2024-ல் ஏறத்தாழ 140 கோடி. கொரோனாவுக்குப் பிந்தைய மந்தமும் இதில் சேர்ந்திருக்கிறது, எல்லாப் பழியையும் முகவரி மேல் போடுவது நியாயமாகாது. ஆனாலும் முதலீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள். 2023 நவம்பரிலேயே ஜான்சன் பதவி விலகினார். 2011-ல் பின்வாங்கலை அறிவித்த அதே மனிதர், பன்னிரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டுப் போனார்.

நேரில் பாடம் கற்றவர் எப்படி மறுபடியும் இதைச் செய்தார்? இதற்கு வணிகவியல் பாடப்புத்தகத்தில் பாதி விடை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெயரைச் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் காட்டலாம். நிறுவனம் தானே வளர்த்தெடுத்த பெயரைக் காட்ட முடியாது, அமெரிக்க விதியும் இந்திய விதியும் இதில் ஒன்றுதான். ஆக 24 வருடம் விளம்பரம் செய்து வளர்த்த ஓவர்ஸ்டாக் என்ற பெயரின் மதிப்பு கணக்கில் பூஜ்யம். திவாலான நிறுவனத்திடம் வாங்கிய பெயருக்கு மட்டும் கோடிக்கணக்கில் மதிப்பு. பூஜ்யம் மதிப்புள்ள ஒன்றைத் தூக்கி எறிந்தால் எந்த ஏட்டிலும் நஷ்டம் எழுத வேண்டியதில்லை. கூட்டாண்மைக் கணக்கில் ஒரு பங்குதாரர் விலகும்போது நற்பெயருக்கு விலை போட நான்கு வழி சொல்லித் தருகிறார்கள். ஒரு நிறுவனம் தன் பெயரிலிருந்தே விலகினால் எப்படிக் கணக்குப் போடுவது என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை.

ஜான்சனுக்குப் பின் பொறுப்பேற்ற மார்கஸ் லெமோனிஸ், 2024-ல் ஓவர்ஸ்டாக்.காமை மறுபடி திறந்தார். மலிவு விலைச் சரக்குக்கு ஓவர்ஸ்டாக், மற்றதற்குப் பெட் பாத் என்று இரண்டு வாசல்கள். தேவையில்லை என்று மூடிய வாசலைத் திறக்க ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

2025 ஆகஸ்டில் நிறுவனம் தன் பெயரைப் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்றே மாற்றிக்கொண்டு, திவாலான கடையின் பழைய பங்குக் குறியீடான பிபிபிஒய்-யையும் எடுத்துக்கொண்டது. அதே மாதம், கடைகள் வேண்டாம் பெயர் போதும் என்று வாங்கிய அந்தப் பெயரில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் செங்கல் கட்டடத்தில் ஒரு கடை திறக்கப்பட்டது. திறந்தபோது, பழைய நீலக் கூப்பனைக் கொண்டு வந்தால் அங்கே செல்லும் என்றார்கள்.