மாறிய வால்வுகளும் மாறாத பிழையும்: லால்பேட்டையில் ஒரு பழைய ஒலிபெருக்கி

தமிழகத்தின் மேடைப்பேச்சைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். யார் பேசினார், எந்த மாநாட்டில் பேசினார், எந்தச் சொல் கூட்டத்தை எழுப்பியது என்பதெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அச்சொல்லைக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்த்த பெட்டியைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. மேடைக்குக் கீழே, சணல்சாக்கின் மேல் சூடாகி அமர்ந்திருந்த வால்வு ஆம்ப்ளிபயரைத்தான் சொல்கிறோம்.

வீராணம் ஏரிக்கரையை ஒட்டிய லால்பேட்டையில் அப்படியொரு பெட்டியைக் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. எப்போதோ மூடப்பட்ட ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையின் உடைமை அது. உரிமையாளரின் மகன் வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்து வீட்டை ஒழுங்குசெய்தபோது வெளிப்பட்டது. பழைய இரும்பு வாங்குபவர் அதற்குள் வந்து டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்கு விலை பேசிவிட்டார். நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, அந்த விலையைக் கொடுத்து நாம் அதை வாங்கினோம். பழுது பார்க்க முன்வந்தவர், எழுபது வயதைக் கடந்த ரேடியோ மெக்கானிக் பாய் ஒருவர்.

அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் சற்று வரலாற்றைப் பார்த்துவிடுவது நல்லது. 1904இல் பிளெமிங் இருமுனை வால்வையும், 1906இல் லீ டி பாரஸ்ட் மும்முனை வால்வையும் உருவாக்கினார்கள். சிறிய மின்னலையைப் பெரிதாக்கும் ஆற்றல் மனிதனுக்கு வந்தது இரண்டாவதன் வழியேதான். சென்னையில் 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் தொடங்கிய ரேடியோ கிளப் 1927இல் பணமின்றி நின்றது. 1930இல் அப்பணியை மாநகராட்சி ஏற்றது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளில் பாட்டுக் கேட்டார்கள். 1938இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் அமைத்தது. அக்காலத்துக் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்தது மோத்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம். காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்களில் அப்பெயர் மைக்கின் மேலேயே தெரியும். வால்வுகள் முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1961 முதல் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் கார் பேட்டரியையும், அதன் 12 வோல்ட்டை உயர் அழுத்தமாக மாற்றும் வைப்ரேட்டரையும் கொண்டு கூட்டம் நடத்தினார்கள்.

இக்கருவி எழுப்பிய வினாக்களுள் ஆழமானது பள்ளிவாசலிலிருந்து வந்தது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல் 1936இலேயே பாங்கோசைக்கு ஒலிபெருக்கி வைத்தது. பாங்கு பற்றிப் பெரிய தடையில்லை. தொழுகையோ வேறு. பின்னிற்போர் இமாமின் குரலைப் பின்பற்ற வேண்டும். ஒலிபெருக்கியில் எழுவது அவர் குரல்தானா, அதன் எதிரொலி போன்ற வேறொன்றா? தேவ்பந்த் மரபின் அறிஞர் முப்தி முகம்மது ஷபி இவ்வினாவை அறிவியலாரிடமே கேட்டார். தொழுகையில் ஒலிபெருக்கி கூடாது என்று முதலில் கருதியவர், பின்னர் தம் நிலையைத் தளர்த்திக்கொண்டார். மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியால் பெயர்பெற்ற லால்பேட்டையில் அமர்ந்து நினைக்கும்போது, அது பழமைவாதத்தின் தயக்கம் என்று தள்ளிவிடத்தக்க கேள்வியாக நமக்குத் தோன்றவில்லை. மைக்கிலிருந்து வரும் நுண்ணிய மின்னழுத்தம் ஒலிபெருக்கியை அடைவதேயில்லை. அது வால்வின் கிரிட்டில் நின்று, டிரான்ஸ்பார்மர் தரும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. நாம் கேட்பது, குரல் ஆணையிட்டபடி அசையும் வேறொரு மின்சாரத்தை.

இனிப் பெட்டிக்கு வருவோம். மாறி மாறி இழுக்கும் இரண்டு இ.எல்.34 வால்வுகள், முன்னே ஓர் இ.சி.சி.83, மாறுமின்னோட்டத்தை நேராக்க ஒரு ஜி.இசட்.34. ஆர்வத்தில் நாம் பிளக்கை எடுத்தபோது பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நாற்பது வருஷம் தூங்கினவனை உலுக்கி எழுப்பக் கூடாது." வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு, 60 வாட் பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். அது ஒருமுறை மின்னி மங்கியது. டிரான்ஸ்பார்மர் உயிரோடிருந்தது. அடிப்புறம் உப்பியிருந்த 450 வோல்ட் கண்டன்சர்களை நீக்கிப் புதியன வைத்தார். நிறுத்திய பின்னும் கண்டன்சரில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். ஆகவே கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு ரெசிஸ்டர் வழியே அதை வடித்தார்.

பின் வால்வுகளைச் செருகி, பல்பை நீக்கி முழு மின்சாரம் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் வலப்பக்க இ.எல்.34இன் பிளேட் செந்நிறமாகக் கனன்றது. உடனே நிறுத்தினார். வால்வு கெட்டுவிட்டது என்றே நாம் எண்ணினோம். அவர் சூடு ஆறும்வரை காத்திருந்து, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகினார். இம்முறையும் கனன்றது வலப்பக்கமே. குற்றம் வால்வில் இல்லை, அது அமர்ந்த இடத்தில் இருந்தது.

அப்போதுதான் மேல்மூடியின் உட்புறத்தை அவர் காட்டினார். பென்சிலால் எழுதிய மூன்று குறிப்புகள்: 1971, 1973, 1974. மூன்றிலும் ஒரே செய்தி, "வலது வால்வு மாற்றியது". வால்வு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் ஒரு சிறு கடைக்காரர் மூன்று முறை பணம் கொடுத்திருக்கிறார். பாய் அவ்வால்வைக் கழற்றிவிட்டு, வெற்றுத் துளையில் கிரிட் முனையை மீட்டரால் அளந்தார். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 14 வோல்ட் நேர் அழுத்தம். வால்வே இல்லாதபோது அது முந்தைய கட்டத்திலிருந்துதான் வர முடியும். இடையில் நின்று குரலை மட்டும் விட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய காகிதக் கண்டன்சர் கசிந்துகொண்டிருந்தது. அதனால் கிரிட் தன் பிடியை இழக்க, வால்வு ஓய்வின்றி எரிந்தது. இருபது ரூபாய்க்கும் குறைவான பாலியெஸ்டர் கண்டன்சர் ஒன்றால் பிழை தீர்ந்தது.

சுவடிப் பதிப்பைப் பாடமாக நடத்துகிறவர்கள் என்ற முறையில் அம்மூன்று வரிகள் நம்மை உறுத்தின. கண்ணுக்குத் தெரிந்த சொல்லை மட்டும் திருத்தி, அது சிதைந்த காரணத்தைத் தேடாத பதிப்பாசிரியரும் இதையே செய்கிறார். திருத்திய சொல் சில காலம் ஒளிரும், பின் மீண்டும் எரியும். ஆயினும் அம்மெக்கானிக்கை நாம் இகழ்வதற்கில்லை. அவர் செய்ததை எழுதிவைத்தார். எழுதிவைத்ததனால்தான் அரை நூற்றாண்டு கழித்து அவர் பிழை நமக்கு விளங்கியது.

எழுபதுகளில் டிரான்சிஸ்டர் வந்து வால்வை ஒதுக்கியது. ஆனால் கிதார்க் கலைஞர்கள் அதை விடவில்லை. 1962இல் லண்டனில் ஆம்ப்ளிபயர் செய்யத் தொடங்கிய ஜிம் மார்ஷலின் நிறுவனம் பின்னர் பெயர்பெற்றது இதே இ.எல்.34 வால்வைக் கொண்டுதான். எல்லை மீறி முடுக்கும்போது வால்வின் ஒலி திடீரென்று உடைவதில்லை, மெல்ல வளைகிறது. பேச்சாளருக்குக் குறையான அவ்வளைவே கிதாருக்குக் குரலானது. இன்று கையால் செய்யும் வால்வு ஆம்ப்ளிபயர்களுக்கு உலகில் லட்சக்கணக்கில் விலையுண்டு. நம் ஊரில் அவை செம்பின் எடைக்குப் போகின்றன.

மாலையில் பாய் மைக்கைச் சொருகி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். தெருமுனைத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாய், இதைப் படிக்க உங்களிடம் யாராவது வருகிறார்களா?" என்று கேட்டோம். "செல்போன் படிக்க வாராங்க சார்" என்றார். பிறகு மூடியைக் கவிழ்த்து, மூன்று வரிகளுக்குக் கீழே பென்சிலால் அன்றைய தேதியிட்டு எழுதினார்: "கண்டன்சர் மாற்றியது. வால்வு நன்று."

வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஊரிலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். இரும்புக் கடைக்குப் போகுமுன் அதன் மூடியைத் திறந்து, உட்புறத்தை ஒரு படமேனும் எடுத்து வையுங்கள்.