புள்ளி மறைஞ்சா நோய் போச்சா? – கடல்மீன் ஒட்டுண்ணிகளின் கதை

தானா வந்து தானா போற பக் மாதிரி ஆபத்தானது எதுவுமே இல்லை. ரெண்டு நாள் தொல்லை கொடுக்கும், மூணாம் நாள் காணாமப் போயிடும். கடைசியா எந்த வரியை மாத்தினோமோ, அதுதான் சரிபண்ணிடுச்சுன்னு நம்பி டிக்கெட்டை மூடிடுவோம். அடுத்த வாரம் பத்து மடங்கா திரும்பி வந்து நிக்கும். பொட்டி தட்டுற நம்மாளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். வீட்டுல உப்புத்தண்ணித் தொட்டி வச்சு கடல்மீன் வளர்க்கிறவங்களுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். அவங்க பக்குக்குப் பேரு வெள்ளைப் புள்ளி.

சில வாரங்களா ராத்திரியில இந்தப் புள்ளியோட வரலாறைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். துப்பறியும் கதை தோத்துது போங்க :-)

கடல்மீனைத் தொட்டியில கொல்லுற ஒட்டுண்ணிகள்ல ரெண்டு முக்கியமானவை. மீன் மேல ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா ஒண்ணு. அதைவிட நைசா, பவுடர் பூசின மாதிரி இருந்தா இன்னொண்ணு. ரெண்டாவதை 'வெல்வெட்'னு சொல்றாங்க. இது பெரும்பாலும் முதல்ல செவுளைத்தான் பிடிக்கும். பவுடர் நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள மீன் மூச்சுத் திணறிச் செத்தே போயிருக்கும்.

வெல்வெட்டோட ஆளை முதல்ல பிடிச்சவர் ஈ. எம். பிரவுன். லண்டன் விலங்கியல் சங்கத்தோட மீன் காட்சியகத்து மீன்களை ஆராய்ஞ்சு, 1931-ல ஊடினியம் ஒசெல்லாட்டம்னு பேர் வச்சார். 1946-ல அது அமைலூடினியம் ஆச்சு. 'அமைலோ'ன்னா மாவுச்சத்து. இந்த உயிர் பாசி இனங்களுக்குச் சொந்தக்காரன். உடம்புக்குள்ள மாவுச்சத்து சேர்த்து வச்சிருக்கும். மீன் மேல வேர் விட்டு உறிஞ்சும் பாசி!

1936-ல நியூயார்க் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ராஸ் நிக்ரெல்லி இதோட வாழ்க்கைச் சுழற்சியை விரிவா எழுதினார். மீன்ல ஒட்டித் தின்னும், கொழுத்ததும் உதிரும், கீழே உறைக்குள்ள பிளந்துக்கிட்டே போகும். ரெண்டு, நாலு, எட்டுன்னு 256 குட்டிகள் வரைக்கும். அத்தனையும் நீந்திப் போய் அடுத்த மீனைத் தேடும். ரெண்டோட எட்டாவது அடுக்கு. கம்ப்யூட்டர்காரனுக்குக் கணக்கு சுலபமாப் புரியுது.

மருந்து வந்தது 1955-ல. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், காப்பர் சல்ஃபேட் போட்டா இது கட்டுப்படுதுன்னு எழுதினார். நம்ம ஊர் மயில்துத்தம்தாங்க அது! லிட்டருக்கு 0.15-லேர்ந்து 0.2 மில்லிகிராம் செம்பு போதும். ஆனா மீன்ல ஒட்டியிருக்கிறதையோ உறைக்குள்ள இருக்கிறதையோ அது ஒண்ணும் செய்யாது. நீந்துற குட்டிகளைத்தான் கொல்லும். அதனால ஒரு தடவை ஊத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு போக முடியாது. வாரக்கணக்குல அளவு குறையாம வச்சிருக்கணும். அதே செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்னுடும். அதனால சிகிச்சைக்கு மீனைத் தனித் தொட்டிக்கு மாத்தியே ஆகணும்.

இனி முதல் ஆசாமி, ரவைப் புள்ளிக்காரன். ஜப்பான்ல சிகாமா 1937-லயே இதை விவரிச்சு எழுதிட்டார். பேர் வச்சது மறுபடியும் நம்ம பிரவுன்தான், 1951-ல: கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். 'மறைந்த கரு'ன்னு அர்த்தம். சிகாமா 1961-ல தன் பங்குக்கு ஒரு பேர் வச்சார்: இக்தியோஃப்திரியஸ் மரைனஸ். முதல்ல வச்ச பேருக்குத்தான் மரியாதைங்கிறது விலங்கியல் விதி, அதனால பிரவுன் வச்ச பேரே நின்னுடுச்சு.

சிகாமா அப்படிப் பேர் வச்சதுக்குக் காரணம் இருக்கு. நன்னீர் மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளி நோயோட கிருமி இக்தியோஃப்திரியஸ், 1876-லயே பேர் வாங்கினது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி, வாழ்ற விதமும் ஒரே மாதிரி. சரி, இது கடல் தம்பின்னு எல்லாரும் நினைச்சாங்க. 2002-ல ரைட், கொலோர்னி ரெண்டு பேரும் மரபணுவைப் பார்த்துட்டு, தம்பி இல்லை, வேற வம்சம்னு தூக்கி மாத்திட்டாங்க. ஒரே மாதிரி பிழைப்பு, அதனால ஒரே மாதிரி வேஷம்.

இந்த ஆஞ்செலோ கொலோர்னி இஸ்ரேல்ல, செங்கடல் ஓரத்து எய்லாட்ல வளர்ப்பு மீன்களோட மல்லுக்கட்டினவர். நன்னீர் நோய்க்கு உப்பு போடுறது பழைய வைத்தியம். கடல்ல ஏற்கனவே உப்புதானே! அவர் திருப்பிப் போட்டார். உப்பை ஆயிரத்துக்கு 10 பங்கா குறைச்சு 3 மணி நேரம், 3 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 முறை. 1985-ல இதை வெளியிட்டார்.

அந்த 3 நாள் எங்கேர்ந்து வந்தது? புள்ளிக்குள்ள இருக்கிற ஒட்டுண்ணி 3-லேர்ந்து 7 நாள் மீனோட தோலுக்கு அடியில தின்னுட்டு இறங்கிடும். அப்பத்தான் நம்மாளு 'மருந்து வேலை செஞ்சுது'ன்னு கைதட்டுறார். அது தரையில உறை கட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல பெருகுது. அந்த உறை உடையக் குறைஞ்சது 3 நாள் ஆகும். அதுக்குள்ள மீனைக் காய்ஞ்ச, சுத்தமான வேற தொட்டிக்கு மாத்திட்டா? உதிர்ந்ததெல்லாம் பழைய தொட்டியிலயே கிடக்கும். இப்படி 4 முறை. மருந்தே இல்லை, நாள் கணக்கு மட்டும்தான். பழைய தொட்டி? சில உறைகள் 72 நாள் வரைக்கும் காத்திருக்கும். அதனாலதான் மீன் இல்லாம ரெண்டரை மாசம் விடச் சொல்றாங்க.

1994-ல பிளிமத் பல்கலைக்கழகத்து பர்கஸும் மாத்யூஸும் இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க: இவை மீனை விட்டு இறங்குறதும் குட்டிகள் வெளிய வர்றதும் இருட்டுலதான். மீன் அசையாம தூங்குற நேரம்! அதே வருஷம் அமெரிக்காவுல யோஷினாகாவும் டிக்கர்சனும் இந்த ஒட்டுண்ணியை ஆய்வகத்துல வளர்க்க எந்த மீனைப் பிடிச்சாங்க தெரியுமா? உப்புத்தண்ணிக்குப் பழக்கின பிளாக் மோலி. நம்ம கொளத்தூர் கடைகள்ல கிடைக்குமே, அதேதான் :-)

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, உப்பைக் குறைக்கிற வைத்தியம் ரவைப் புள்ளிக்குத்தான். வெல்வெட், உப்பு குறைஞ்ச கழிமுகத் தண்ணியிலயே ஜாலியா வாழும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு உப்பைக் குறைச்சிட்டுக் காத்திருந்தா, வெல்வெட் வந்த தொட்டி சில நாள்லயே காலி. செவுளையோ தோலையோ கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். தானா உருண்டு நகர்ந்தா கிரிப்டோகேரியான். அசையாம வேர் விட்டு நின்னா அமைலூடினியம்.

பவளப்பாறையில சும்மா நீந்திக்கிட்டு இருந்ததைப் பிடிச்சு கண்ணாடிப் பெட்டியில அடைச்சது நாமதானே? கடல்ல குட்டிகள் மீன் கிடைக்காம ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும். பெட்டியில மீன் எங்கேயும் தப்பிக்க முடியாது. அதனால புதுசா வர்ற மீனை முதல்ல தனித் தொட்டியில வைங்க. புள்ளி மறைஞ்ச அன்னிக்குக் கொண்டாடாதீங்க, காலண்டர்ல குறிச்சு வைங்க. டிக்கெட்டை மூடவேண்டிய நாள் அது இல்லை.

கடல்மீன் வளர்க்கிற மக்கள் யாராவது இருந்தா, உங்க அனுபவத்தையும் சொல்லிட்டுப் போங்க.