சிரிச்சுப் பேசினா விருப்பமா? ஆண்கள் தப்பாகப் புரிந்துகொள்வது ஏன்? ஆய்வுகளும் சட்டமும் சொல்வது என்ன?

2015 ஜனவரி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் செக்யூரிட்டி வேலை பார்த்த 32 வயது இந்தியர் ஒருவர், இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த வழக்கில் ஹோபார்ட் நீதிமன்றத்தில் நின்றார். மெசேஜ், போன், நேரில் போய் நிற்பது என மாதக்கணக்கில் நடந்த விஷயம் அது. விடாமல் துரத்தினால் பெண் கடைசியில் காதலிப்பாள் என்று இந்திப் படங்களைப் பார்த்து அவர் நம்பிவிட்டதாக அவரது வழக்கறிஞர் வாதாடினார். மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தை நிபந்தனையோடு வழக்கை 5 ஆண்டுகளுக்கு ஒத்திவைத்தார்.

படம் இந்தி என்றாலும் கதை நமக்குப் புதுசில்லை. அப்படியானால் பழி எல்லாம் சினிமா மேல்தானா? பெண்ணின் சாதாரண நட்பை ஆண்கள் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது ஏன்? 40 ஆண்டுகளுக்கும் மேலாக உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் சோதனை என்ன சொன்னது?

அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா அபே 1982-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி. ஒரு ஆண், ஒரு பெண், 5 நிமிடப் பேச்சு. இன்னொரு ஆணும் பெண்ணும் அதை மறைவாகப் பார்த்தார்கள். பிறகு நால்வரும் மதிப்பெண் போட்டார்கள். பேசிய ஆணும் சரி, பார்த்த ஆணும் சரி, அந்தப் பெண்ணின் நடத்தையில் பெண்கள் கண்டதைவிட அதிகமான பாலியல் ஈர்ப்பைக் கண்டார்கள். பேச்சு ஒன்றுதான், ஆனால் ஆண்கள் அதைப் படித்த விதம் வேறு.

2012-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், மாணவர்கள் ஒவ்வொருவரும் எதிர்ப்பாலினத்தவர் 5 பேருடன் தலா 3 நிமிடம் பேசினார்கள். எதிரில் இருப்பவருக்குத் தங்கள் மேல் எவ்வளவு ஆர்வம் என்பதை ஆண்கள் கூட்டியே மதிப்பிட்டார்கள், பெண்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். எதிரில் இருந்த பெண் எவ்வளவு அழகோ, ஆணின் கணக்கு அவ்வளவு தப்பியது.

காரணம் என்ன?

மூன்று விளக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, பரிணாமக் கோணம். மார்ட்டி ஹேசல்டன், டேவிட் பஸ் இருவரும் 2000-ல் முன்வைத்தது. புகை அலாரம் தோசை தீய்ந்தாலும் அடிக்கும். சும்மா அடிப்பதில் பெரிய நஷ்டம் இல்லை, உண்மையான தீயைக் கோட்டைவிட்டால்தான் நஷ்டம். அதேபோல, இல்லாத விருப்பத்தை இருப்பதாக நினைப்பதைவிட, இருக்கும் விருப்பத்தைத் தவறவிடுவதுதான் நம் மூதாதை ஆண்களுக்குப் பெரிய இழப்பாக இருந்தது என்கிறது இந்தக் கோட்பாடு. ஆனால் அலாரம் அடித்ததும் யாரும் வீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. முதலில் தீ இருக்கா என்றுதான் பார்க்கிறோம்.

இரண்டாவது, குறிப்புகளைப் படிப்பதிலேயே உள்ள தடுமாற்றம். 2008-ல் கோரீன் ஃபாரிஸ் குழு 280 மாணவர்களுக்குப் பெண்களின் படங்களைக் காட்டியது. நட்பான படங்களில் சுமார் 12 சதவீதத்தை ஆண்கள் விருப்பம் என்றார்கள். பெண்களில் இது சுமார் 9 சதவீதம். விருப்பம் தெரிந்த படங்களில் சுமார் 38 சதவீதத்தை ஆண்கள் வெறும் நட்பு என்றார்கள், பெண்கள் 32 சதவீதத்தை. அதாவது ஆண்கள் இரண்டு பக்கமும் தப்பினார்கள். இன்னொன்றும் கவனிக்கணும்: பெண்களும் தப்பினார்கள், இடைவெளி சில சதவீதப் புள்ளிகள்தான். ‘ஆண் மூளையே அப்படித்தான்’ என்று கைகழுவ இந்த எண்கள் இடம் தரவில்லை.

மூன்றாவது, நம் ஆசையை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்ப்பது. 2020-ல் வந்த ஓர் ஆய்வு, ஒருவருக்கு எதிரில் இருப்பவர் மேல் எவ்வளவு ஆர்வம், உறவுகள் பற்றி அவரது மனப்போக்கு என்ன ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது ஆண்–பெண் வித்தியாசம் பெருமளவு கரைந்தது. எளிமையாச் சொன்னா, ‘அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கு’ என்பதில் பாதி, ‘எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு’ என்பதுதான்.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டு இளைஞர்கள் என்பதையும் நினைவில் வைக்கணும்.

நம்ம ஊரில் கூடுதலாக என்ன?

பொம்பளை சிரிச்சா போச்சு என்று பழமொழி வைத்திருக்கும் சமூகம் நாம். பெண்ணின் சிரிப்புக்குச் சாதாரண அர்த்தமே கிடையாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். ஆண், பெண் தனித்தனி பெஞ்ச், பேசினாலே விசாரணை என்று படித்து வந்தவருக்கு முதல் வேலையில் ஒரு பெண் சகஜமாகப் பேசுவதே பெரிய செய்தியாகத் தெரியலாம்.

சாந்திபுரம், குப்பம் போன்ற மூன்று மாநில எல்லைப் பகுதியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது, ‘அண்ணா’ எப்போது மரியாதை, எப்போது ‘இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க’ என்ற குறிப்பு என்பது தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஹெச்.ஆர்., வரவேற்பு, கஸ்டமர் சப்போர்ட் வேலைகளில் சிரித்த முகம் சம்பளத்துக்கான வேலையின் ஒரு பகுதி என்பதும் மறந்துபோகிறது.

‘அவ நேரா சொல்லலையே?’

அடிக்கடி கேட்கும் சாக்கு இது. சீலியா கிட்சிங்கர், ஹன்னா ஃப்ரித் இருவரும் 1999-ல் காட்டியது முக்கியம். அன்றாடப் பேச்சில் யாருமே ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. தயங்குவோம், காரணம் சொல்வோம், தள்ளிப்போடுவோம். கேட்பவருக்கு அது புரியவும் செய்யும்.

5,000 ரூபாய் கடன் கேட்கிறீர்கள். நண்பர் ‘பார்க்கலாம்டா, இந்த மாசம் கொஞ்சம் டைட்’ என்கிறார். பதில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ‘ஞாயித்துக்கிழமை காபிக்கு வர்றீங்களா?’ என்பதற்கு ‘பார்க்கலாம், வீட்ல வேலை இருக்கு’ என்று பதில் வந்தால் மட்டும் அது ஏன் புதிராகிறது? நேரடியாக மறுத்த பெண்களுக்கு நடந்த கொடூரங்களைச் செய்தியில் படித்துத்தான் பல பெண்கள் மென்மையாக மறுக்கிறார்கள். அது பாதுகாப்புக்கான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

பாரதிய நியாய சம்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 78-வது பிரிவின்படி, ஒரு பெண் விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் மறுபடி மறுபடி பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது ஆகியவை குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை, திரும்பச் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, அபராதம்.

பணியிடத்துக்குத் தனியாக 2013-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு கட்டாயம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரணும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்த நடத்தையை அந்தப் பெண் விரும்பினாரா என்பதுதான் இங்கே அளவுகோல். ‘நான் நல்ல எண்ணத்தில்தான் செஞ்சேன்’ என்பது அதற்குப் பதிலாகாது.

இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2017-ல் உச்ச நீதிமன்றம், காதலிக்கும்படி எந்தப் பெண்ணையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மறுக்கும் முழு உரிமை அவருக்கு உண்டு என்று கூறியது.

அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

சிரிப்பு, ஸ்மைலி, உடனே வரும் ரிப்ளை ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் தானாகப் பேச்சைத் தொடங்குகிறாரா? ‘இந்த வாரம் முடியாது’ என்றவர் ‘அடுத்த வாரம் ஓகேவா?’ என்று அவரே கேட்கிறாரா? அப்போதும் சந்தேகம் இருந்தால், மறுக்க வசதியான இடத்தில், ஒரே ஒருமுறை, மரியாதையாகக் கேளுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர் என்றால் அதையும் தவிர்ப்பதே சரி, ஏனெனில் மறுக்கும் சுதந்திரம் அவருக்குக் குறைவு. ‘ஆமாம்’ என்று வராத எந்தப் பதிலையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொல்லையை எதிர்கொள்ளும் பெண்கள் மெசேஜ், அழைப்புப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருப்பது புகாருக்கு உதவும். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா எங்கே இருந்தாலும் பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112.