பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து இழுத்த இணையம்

இணையத்தின் வரலாறு என்று தேடினால் வழக்கமாக ஒரே கதைதான் வரும். 1969, அமெரிக்க ராணுவத்தின் காசு, ஆர்ப்பாநெட். அங்கிருந்து ஒரே தாவு, 1989, டிம் பெர்னர்ஸ்-லீ, வெப். நடுவில் இருபது வருஷம் என்ன ஆச்சு? ராணுவ ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் வைத்திருந்த ஒரு பொருள் எப்படி நெப்ராஸ்காவில் இருந்த ஒரு சாதாரணப் பேராசிரியரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது? நான் வரலாற்றுக்காரன் இல்லை, சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். பழைய ஆர்எஃப்சி ஆவணங்களைப் படிப்பது வார இறுதிப் பொழுதுபோக்கு. அப்படிப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவான விஷயம் இது: அந்த நடுக்காலத்தின் கதாநாயகர்கள் வாஷிங்டனிலோ கலிஃபோர்னியாவிலோ மட்டும் இல்லை. ‘வட்டார நெட்வொர்க்’ என்று சொல்லப்பட்ட இருபது சொச்சம் சின்னக் கூட்டமைப்புகள்தான் அந்த வேலையைச் செய்தன. பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பங்கு போட்டு லைன் இழுத்த கூட்டமைப்புகள்.

கதையை மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குவோம். ஏன்னா அவங்கதான் இதை எல்லாருக்கும் முன்னாடி செய்தாங்க.

1966-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம், வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ‘மெரிட்’ என்ற அமைப்பைத் தொடங்கின. முதல் இரண்டும் கால்பந்து மைதானத்தில் பரம்பரைப் பகையாளிகள், மாநில அரசின் பணத்துக்கும் போட்டியாளர்கள். ஆனால் அன்றைக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்பது ஒரு கட்டிடம் கட்டுகிற செலவு. உன்னிடம் இருப்பதை நான் பயன்படுத்துகிறேன், என்னிடம் இருப்பதை நீ பயன்படுத்து என்பதுதான் கணக்கு. 1969-இல் மாநில அரசு 4 லட்சம் டாலர் கொடுத்தது, மத்திய அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்எஸ்எஃப், இன்னொரு 4 லட்சம் கொடுத்தது.

பணம் வந்துவிட்டது. வேலை? மிச்சிகனிலும் வேய்ன் ஸ்டேட்டிலும் இருந்தவை ஐபிஎம் 360/67 இயந்திரங்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் சிடிசி 6500. முன்னது 32 பிட் வேர்டு, எட்டு பிட் எழுத்து. பின்னது 60 பிட் வேர்டு, ஆறு பிட் எழுத்து. இரண்டுக்கும் ‘அ’ என்றால் என்ன என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. அதனால் ஒவ்வொரு பெரிய இயந்திரத்துக்கும் முன்னால் ஒரு பிடிபி-11 சிறு கம்ப்யூட்டரை வாசல்காரன் மாதிரி உட்கார வைத்தார்கள். 1971 டிசம்பர் 14 அன்று மிச்சிகனும் வேய்ன் ஸ்டேட்டும் முதல்முறை இணைந்தன. மிச்சிகன் ஸ்டேட் 1972-இல்தான் உள்ளே வந்தது. அமைப்பு தொடங்கி முதல் இணைப்புக்கே ஐந்து வருஷம்! அதில் கம்பி இழுத்த நேரம் கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று பிடிவாதக்கார கம்ப்யூட்டர் மையங்களை ஒரே வழிக்குக் கொண்டுவந்த நேரம்தான் மீதி.

அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷத்தைச் சட்டென்று தாண்டிவிடலாம். ஆர்ப்பாநெட் வளர்ந்தது. ஆனால் பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் இருந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். கணினி அறிவியல் துறைகளுக்கு சிஎஸ்நெட் வந்தது. வேதியியல்காரனுக்கும் வானியல்காரனுக்கும் சரியான வழி இல்லை.

1985-இல் என்எஸ்எஃப் ஐந்து சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களுக்கு வழி செய்தது: பிரின்ஸ்டன், சான் டியேகோ, இல்லினாய், கார்னெல், பிட்ஸ்பர்க். மற்ற ஊர்க்காரர்கள் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது? இதற்காக ஒரு வருஷப் பணிக்கு டப்ளினிலிருந்து டென்னிஸ் ஜென்னிங்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் வந்தார். அவர் காலத்தில் எடுத்த முடிவுகள் மூன்று. அவற்றை இன்றைக்கும் நாம அனுபவிக்கிறோம். ஒன்று, எந்தக் கம்பெனியின் நெறிமுறையும் வேண்டாம், டிசிபி/ஐபி மட்டும். இரண்டு, இது சூப்பர் கம்ப்யூட்டருக்கான தனிக் கம்பியாக இருக்கக் கூடாது, எல்லாத் துறைக்கும் பொதுவான நெட்வொர்க்காக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் நம்ம விஷயம்: மூன்று அடுக்கு. மேலே ஒரு முதுகெலும்பு நெட்வொர்க், நடுவில் வட்டார நெட்வொர்க்குகள், கீழே கல்லூரி வளாகங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். ஆறு, வாய்க்கால், வயல். ஆற்றிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக யாரும் தண்ணீர் கொண்டுபோக மாட்டார்கள். வாடகை லைனுக்கு தூரத்தைப் பொறுத்து காசு. அதனால் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் சின்ன லைன்களில் இணைந்து, எல்லாருமாகச் சேர்ந்து ஒரே ஒரு இடத்தில் முதுகெலும்பைத் தொடுவதுதான் மலிவு. என்எஸ்எஃப் சொன்னதன் சாரம்: நூற்றுக்கணக்கான கல்லூரிகளோடு நான் தனித்தனியாகப் பேச முடியாது, நீங்கள் குழுவாக வாருங்கள். தொடங்குவதற்குக் காசு தருகிறேன், பிறகு உங்கள் காலில் நீங்களே நிற்க வேண்டும்.

குழுக்கள் வந்தன. நியூயார்க்கில் நைசர்நெட், தென்கிழக்கு மாநிலங்களுக்கு சுராநெட், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு பார்நெட், பாஸ்டன் பக்கம் எம்ஐடி, ஹார்வர்ட், பாஸ்டன் பல்கலைக்கழகம் மூன்றும் தொடங்கிய நியர்நெட், அலாஸ்கா வரைக்கும் போன நார்த்வெஸ்ட்நெட். டெக்சாஸில் ஒன்றுக்கு செஸ்குவிநெட் என்று பெயர். 1986-இல் டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்துக்கு 150-வது ஆண்டு, அதைச் சொல்லும் லத்தீன் வழிச் சொல்லை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ஒன்றை ஒரு பல்கலைக்கழகம் நடத்தியது, இன்னொன்றை லாப நோக்கமற்ற கம்பெனி, நியர்நெட்டை பிபிஎன் என்ற தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில். ஒரே அச்சில் வார்த்தது எதுவும் இல்லை.

1986-இல் வந்த முதல் முதுகெலும்பின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட். உங்கள் ஃபோனில் எடுக்கிற 3 எம்பி படம் ஒன்றை அனுப்ப ஏழு நிமிஷம், அதுவும் வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தால். டேவிட் மில்ஸ் எழுதிய ‘ஃபஸ்பால்’ மென்பொருள் சின்ன எல்எஸ்ஐ-11 இயந்திரங்களில் ஓடி ரௌட்டர் வேலை பார்த்தது. சீக்கிரமே நெரிசலில் திணறியது.

இந்த ஏழைமையில்தான் வட்டாரக்காரர்களின் கூட்டு வேலை சுவாரசியமாகிறது. பல ஊர்களில் ரௌட்டர்கள், அவை ஒரே கம்பெனி சரக்கும் இல்லை. நடு ராத்திரி எங்கோ ஒன்று விழுந்தால் எப்படித் தெரியும்? 1987-இல் நான்கு பேர் சேர்ந்து ஒரு எளிய கண்காணிப்பு நெறிமுறை எழுதினார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் கேஸ், கார்னெலின் மார்க் ஃபெடார், ரென்செலர் பாலிடெக்னிக்கின் மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், புரோட்டியான் என்ற ரௌட்டர் கம்பெனியின் ஜேம்ஸ் டேவின். முதலில் அதற்குப் பெயர் எஸ்ஜிஎம்பி. அடுத்த வருஷமே அது எஸ்என்எம்பி ஆனது. நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். இன்றைக்கும் உங்கள் ஆபீஸ் சுவிட்ச் முதல் பிரிண்டர் வரை பேசுகிற பாஷை அது. அதைவிடப் பெரிய திட்டங்கள் அன்று கமிட்டிகளில் இருந்தன. ஜெயித்தது, காலையில் யூசர்களிடம் திட்டு வாங்க வேண்டியவர்கள் அவசரத்துக்கு எழுதியது.

1987 நவம்பரில் முதுகெலும்பைப் புதிதாகக் கட்டும் பொறுப்பு மெரிட்டுக்குக் கிடைத்தது, ஐபிஎம், எம்சிஐ கூட்டாளிகள். 1988 ஜூலையில் 13 முனையங்களோடு டி1 நெட்வொர்க் ஓட ஆரம்பித்தது, நொடிக்கு 1.5 மெகாபிட். நாட்டு முதுகெலும்பை நடத்தும் வேலை ஒரு மாநிலக் கூட்டமைப்புக்கு! ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. சண்டைக்காரப் பல்கலைக்கழகங்களை ஒரே மேஜையில் உட்கார வைத்த இருபது வருஷ அனுபவம் வேறு யாரிடம் இருந்தது?

அங்கேதான் பெரிய சிக்கல் வந்தது: நம்பிக்கை. ஒரு வட்டார நெட்வொர்க் முதுகெலும்பிடம் “இந்த இந்தக் கல்லூரிகளுக்கு என் வழியாக வாங்க” என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பு தப்பாக இருந்தால்? எங்கோ ஒரு ரௌட்டரில் ஒரு வரி மாறினால், வேறு மாநிலத்துக் கல்லூரியின் போக்குவரத்தெல்லாம் இங்கே வந்து குழியில் விழும். பழைய நெறிமுறையான இஜிபி, நெட்வொர்க்குகள் ஒரு மரம் மாதிரி கிளை பிரியும் என்று நினைத்து எழுதப்பட்டது. நிஜத்தில் வட்டாரங்கள் தங்களுக்குள்ளேயே கொல்லைப்புறக் கதவுகள் வைத்திருந்தன. மரம் எப்போதோ வலையாகிவிட்டது.

மெரிட் செய்தது இது. ஒவ்வொரு கல்லூரி நெட்வொர்க்கும் எந்த வட்டாரம் வழியாக வரலாம், அது விழுந்தால் அடுத்து எது வழியாக என்று ஒரு டேட்டாபேஸ். மாற்றம் வேண்டுமென்றால் வட்டாரக்காரர் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். டேட்டாபேஸில் இல்லாத அறிவிப்பை முதுகெலும்பு காதிலேயே போட்டுக்கொள்ளாது. ஹான்ஸ்-வெர்னர் பிரவுனும் ஐபிஎம்மின் யாக்கோவ் ரெக்டரும் 1989 பிப்ரவரியில் வெளியிட்ட இரண்டு ஆர்எஃப்சிகளில் இந்த ஏற்பாடு விளக்கமாக இருக்கிறது. அதே வருஷம் ரெக்டரும் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் சாப்பாட்டு நாப்கினில் வரைந்ததுதான் பிஜிபி. இன்றைய இணையம் முழுக்க அதன் மேல்தான் ஓடுகிறது.

நாப்கின் கதையை எல்லாரும் சொல்வார்கள், படிவக் கதையை யாரும் சொல்வதில்லை. எனக்குப் படிவம்தான் முக்கியம். பிஜிபி என்பது நெறிமுறை, அவ்வளவுதான். அது யார் சொன்னாலும் நம்பும். யார் எதைச் சொல்ல உரிமை உள்ளவர் என்பதை ஆட்கள் உட்கார்ந்து பேசி எழுதி வைத்தார்கள். வட்டார நெட்வொர்க்குகளின் இன்ஜினியர்கள் ‘ரீஜனல்-டெக்ஸ்’ என்ற பெயரில் கூடிப் பேசினார்கள். 1994-இல் அந்தக் கூட்டம்தான் நானாக் ஆனது, வட அமெரிக்க நெட்வொர்க் இயக்குநர்கள் இன்றும் கூடும் இடம். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபை மறைக்கப் போட்ட ஒரு வழி அறிவிப்பு வெளியே கசிந்து, உலகம் பூராவும் யூடியூப் கொஞ்ச நேரம் மறைந்தது ஞாபகம் இருக்கா? அந்தப் பழைய மாதிரி ஒரு பட்டியலோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் நடுவில் இருந்திருந்தால், அந்த அறிவிப்பு வாசலிலேயே நின்றிருக்கும்.

சரி, இவ்வளவு நல்ல கூட்டுறவு என்ன ஆயிற்று? பெரும்பகுதி விலைக்குப் போனது.

விதை முதலிலேயே இருந்தது. சொந்தக் காலில் நில் என்று என்எஸ்எஃப் சொல்லியிருந்தது. வெளிக் கம்பெனிகளையும் வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொண்டால் கல்லூரிகளுக்குக் கட்டணம் குறையும் என்று ஊக்கமும் கொடுத்தது. ஆனால் முதுகெலும்பில் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உதவாத போக்குவரத்து வரக் கூடாது என்பது விதி. வாய்க்காலில் வியாபாரம் செய்யலாம், ஆற்றில் கூடாது! அப்போ வியாபாரப் போக்குவரத்துக்குத் தனி ஆறு வெட்ட வேண்டியதுதானே? வெட்டினார்கள். 1989-இல் நைசர்நெட்டை நடத்திய வில்லியம் ஷ்ரேடரும், எஸ்என்எம்பி எழுதிய அதே ஷாஃப்ஸ்டாலும் பிஎஸ்ஐ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நைசர்நெட்டின் லைன்கள் அதற்குப் போயின, நைசர்நெட் தன் பழைய நெட்வொர்க்கையே பிஎஸ்ஐயிடம் சேவையாக வாங்கியது. 1991-இல் பிஎஸ்ஐ, யூயூநெட்டின் ஆல்டர்நெட், சான் டியேகோவின் செர்ஃப்நெட் மூன்றும் தங்களுக்குள் போக்குவரத்தை மாற்றிக்கொள்ள சிஐஎக்ஸ் என்ற சந்திப்பை ஏற்படுத்தின.

இந்தப் பக்கம் மெரிட், ஐபிஎம், எம்சிஐ மூன்றும் 1990-இல் ஏஎன்எஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருஷம் அதற்கு ஒரு வியாபாரக் கிளையும் முளைத்தது. நடுவராக இருந்தவரே ஆட்டக்காரராகவும் வந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சச்சரவு 1992-இல் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. பிறகு நியர்நெட், பார்நெட், சுராநெட் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக பிபிஎன் வாங்கியது. 1995 ஏப்ரல் 30 அன்று என்எஸ்எஃப் முதுகெலும்பு அணைக்கப்பட்டது. அப்போது அதில் 50,000-க்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகள் இருந்தன, 1988 ஜூலையில் வெறும் 170 சொச்சம்.

இதைத் துரோகம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இருபது பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு கமிட்டியால் பத்து லட்சம் வீடுகளுக்கு டயல்-அப் கொடுத்திருக்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் குறையாகவே சொல்வேன். பொதுப் பணத்தில், பொது ஒழுங்கில் வளர்ந்த லைன்கள் கைமாறும்போது, அந்த ஒழுங்கையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. படிவம் நிரப்பும் கட்டாயம் முதுகெலும்போடு சேர்ந்து போனது. மெரிட் அதன் பிறகும் ஒரு பொது வழிப் பதிவேட்டை நடத்தியது. அதில் பதிவது அவரவர் விருப்பம் என்றானது. ஆர்பிகேஐ என்று இன்று கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களோடு நாம் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பது, அடிப்படையில் அந்தப் பழைய டேட்டாபேஸ் பார்த்த வேலையைத்தான்.

எல்லாரும் விற்றுவிடவில்லை. நைசர்நெட் லாப நோக்கமற்ற அமைப்பாக மீண்டும் தன் நெட்வொர்க்கைக் கட்டியது. 1996-இல் 34 பல்கலைக்கழகங்கள் இன்டர்நெட்2 தொடங்கியபோது, நடு அடுக்குக்கு மறுபடியும் வட்டாரக் கூட்டமைப்புகள்தான் தேவைப்பட்டன. இப்போது அவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘குவில்ட்’ என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, ஒட்டுத்துணி போட்டுத் தைத்த போர்வை என்று அர்த்தம்.

மெரிட் இன்னும் மிச்சிகனின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாகவே இருக்கிறது. 2010-க்குப் பிறகு மத்திய அரசின் ஊக்க நிதியோடு, பெரிய கம்பெனிகள் லாபம் இல்லை என்று விட்டுவைத்த மாநிலத்தின் வடக்குப் பகுதிகளில் 2,000 மைலுக்கும் மேல் ஃபைபர் இழுத்தது. அந்த லைன்களில் இப்போது பள்ளிகளும் ஊர் நூலகங்களும் இருக்கின்றன.