ருக்மாபாயும் 2000 ரூபாயும்

மும்பையில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு காமா ஆஸ்பத்திரி என்றால் 2008 தாக்குதல்தான் ஞாபகம் வரும். எனக்கு ருக்மாபாய் ஞாபகம் வரும். அங்கே இருந்த டாக்டர் எடித் பீச்சி அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர்.

ருக்மாபாய்க்கு 11 வயதில் தாதாஜி பிகாஜியோடு கல்யாணம். ஆனால் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, வளர்ப்பு அப்பா டாக்டர் சகாராம் அர்ஜுன் வீட்டிலேயே இருந்துவிட்டார். 1884-ல் தாதாஜி, 'என் மனைவியை அனுப்பு' என்று பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார். விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1885-ல் நீதிபதி பின்ஹே தாதாஜியின் வழக்கைத் தள்ளிவிட்டார். 'நம் மதத்தில் கை வைக்கிறார்கள்' என்று ஒரே கூச்சல். (மனைவியைச் சேர்த்து வைக்கச் சொல்லும் அந்த வழக்கு முறையே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான்!) அப்பீலுக்குப் பிறகு 1887-ல் தீர்ப்பு மாறியது: புருஷனோடு போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில். ஜெயிலுக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய்.

கடைசியில் தீர்த்தது கோர்ட் இல்லை. 1888-ல் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி விலகினார். ருக்மாபாய் லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு சூரத்தில் பல வருஷம் வேலை பார்த்தார்.

நம்ம ஊரில் கல்யாணத்தையும் 'பேசி முடிப்போம்', சண்டையையும் 'பேசி முடிப்போம்'. இப்போது ஆன்லைனிலேயே பேசி முடிக்கலாம். 2023 மத்தியஸ்தச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. குழந்தைக் கல்யாண விஷயத்தில் இது உதவுமா?

பாதி உதவும் என்பது என் கணக்கு. 2006 சட்டப்படி, பெண் 18 வயதாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நகை, பணம் திரும்பத் தருவது, ஜீவனாம்சம் இதையெல்லாம் பேச, அவள் புருஷன் ஊருக்கு பஸ் ஏற வேண்டாம். ஆனால் அவள் அங்கே வாழணுமா என்பது பேரம் பேசுகிற விஷயமே இல்லை. செல்போன் காமிராவில் பெண்ணின் முகம் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிற மாமா தெரியமாட்டார். அவள் 'சரி' என்றால் யாருக்காகச் சொன்னாள்? முதலில் அவளைத் தனியாக, நேரில், வேறு இடத்தில் ஒருவர் பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

உங்க பக்கத்து வீட்டில் இப்படி ஏதாவது காதில் விழுந்தால் நம்பர் 1098. இந்தி தடுமாறினாலும் பரவாயில்லை, கூப்பிடுங்க.