கமாவுக்கு எத்தனை அட்சரம்?

1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்து, சுமார் 1700 பக்கம். எழுதியவர் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமிக்கு மகள் வயிற்றுப் பேரன், பிறகு தத்துப்பிள்ளை. அப்போது அவருக்கு வயது 65. கர்நாடக இசை வரலாறு பேசுகிற யாரும் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. எனக்கு என்னவோ அடுத்த வருஷம் அவர் போட்ட சின்னப் புத்தகத்தின் மேல்தான் கண். பெயர் 'பிரதமாப்பியாச புஸ்தகமு', அதாவது முதல் பாடப் புத்தகம். பெரிய மேன்யுவலை முடித்த கையோடு புதுசாக வருகிறவனுக்கு ஒரு கைடு எழுத உட்கார்ந்த மனுஷர். 1906-ல் காலமாகிவிட்டார்.

எங்கள் தொழிலில் இந்த வரிசை அபூர்வம். ரெஃபரன்ஸ் எழுதி முடித்ததும் எல்லாருக்கும் களைப்பு வந்துவிடும். விதிவிலக்கு, 1996-ல் இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கிய லிலிபாண்ட். எழுத்துகளைத் தட்டினால் ஸ்டாஃப் நொட்டேஷன் வரைந்து தருகிற மென்பொருள். அதில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு கையேடு, தெரிந்தவர் புரட்டிப் பார்க்க வேறொரு கையேடு. முதல் கையேட்டின் ஆரம்பத்திலேயே, இனிமேல் வரும் உதாரணங்களில் சுற்றி வரும் அடைப்புக்குறிகளைக் காட்ட மாட்டோம், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரி எத்தனை பேரின் ராத்திரிகளைக் காப்பாற்றியிருக்கும்!

நம்முடைய சுரக்குறிப்பும் டைப் அடிக்கக்கூடிய சங்கதிதான். ஸ, ரி, க, ம என்று குறிலில் எழுதினால் ஒரு அளவு. ஸா, ரீ, கா, மா என்று நெடிலில் எழுதினால் இரண்டு. கமா இன்னும் ஒரு அளவு நீட்டும், அரைப்புள்ளி இரண்டு. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே. நிற்கும் கோடு தாளத்தின் அங்கத்தைப் பிரிக்கும், இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தை முடிக்கும். குறில் நெடில் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதியில்தான் தகராறு. சரளி வரிசையில் முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சுரம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு 8 சுரம், கணக்கு சரி. கொஞ்சம் பக்கம் தள்ளி வர்ணத்துக்குப் போனால், ஒரு எண்ணிக்கைக்குள் நாலு சுரம் உட்கார்ந்திருக்கும். அதே கமா இப்போது கால் எண்ணிக்கை. பல புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை. வாத்தியார் கையைத் தட்டிக் காட்டுவார் என்ற நம்பிக்கை. 'ஸ' என்பது எந்தச் சுருதி? யாருக்கு எது வசதியோ அது. இதையும் யாரும் எழுத மாட்டார்கள், தெரிந்தவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படாது. மாயாமாளவகௌளையின் 'க' வேறு, கரகரப்பிரியாவின் 'க' வேறு. எழுத்து ஒன்றுதான்.

செட்டிநாட்டுக்கு இந்தக் கதையில் இரண்டு முகம். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். இந்த இயக்கத்துக்குச் சுரக்குறிப்பு உயிர்நாடி. தியாகராஜர் கிருதி சீடர் வழியாக வந்துகொண்டே இருந்தது. பழைய தமிழ்ப் பாடல்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு சங்கிலி இல்லை. சொல் இருக்கும், மெட்டு இருக்காது. புதிதாக மெட்டுப் போட்டால் அது ஊர் ஊராகப் போக அச்சுதான் வழி. அதனால்தான் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1907-லேயே 'கருணாமிர்த சாகரத் திரட்டு' மூலம் இதே வழியைத் திறந்திருந்தார்.

இன்னொரு முகம் காரைக்குடி வீணைச் சகோதரர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயர் 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். காதால் வாங்கி விரலுக்கு அனுப்புகிற பாணி அது. பக்கத்து ஊர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் குருகுலத்தில் விளைந்தவர். இவர்களைப் பார்த்து, "புத்தகத்தில் வருமா சார் இதெல்லாம்?" என்று கேட்பது எளிது.

வரும், ஓரளவுக்கு என்பதுதான் சுப்பராம தீட்சிதர் காட்டியது. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-ல் நம் இசையை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டவர். தீட்சிதரை எழுதத் தூண்டியவரும் அவரே. தீட்சிதர் சுரத்தோடு கமகத்துக்கும் குறி வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கியது. விளக்கம் சொல்லும்போது அவர் வீணையைக் கையில் எடுத்துக்கொள்கிறார். ஒதுக்கல் என்றால், ஒரு சுரத்தின் மெட்டிலேயே விரலை வைத்து, தந்தியை ஒதுக்கி மேல் சுரத்தை வரவழைப்பது. எப்படிக் கேட்கும் என்று வர்ணித்திருந்தால் ஆளுக்கு ஒன்று புரிந்துகொண்டிருப்போம். விரல் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதால் நூறு வருஷம் கழித்தும் செய்து பார்க்க முடிகிறது. நான் படித்த டாக்குமென்டேஷன்களில் இதுபோல எழுதப்பட்டவை மிகக் குறைவு.

பின்னால் வந்த பெரும்பாலான பாட்டுப் புத்தகங்கள் அந்தக் குறிகளை விட்டுவிட்டன. அச்சுக்கோப்பதும் சிரமம், படிப்பதும் சிரமம். வெறும் சுரமும் கமாவும் மிஞ்சின. வாத்தியார் பழையபடி அவசியமானார். அது நஷ்டம்தான் என்று நினைக்கிறேன், வாத்தியார்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. வாத்தியார் கிடைக்காத ஊரில் இருக்கிற பிள்ளையின் பக்கமிருந்து சொல்கிறேன்.

பிரதர்சினி தமிழ் எழுத்தில் வர 1961 ஆனது. சென்னை மியூசிக் அகாதமி அப்போது தொடங்கி, பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. ரோமன் எழுத்தில் தன்னார்வலர்கள் உழைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சரளி வரிசை தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நேராகக் கமகக் குறி விளக்கத்துக்குப் போங்கள். கையில் ஒரு வீணை இருந்தால் இன்னும் நல்லது.